பிழிந்த கையோடு

ஒறம்பரை வர வர
சாத்துக்குடியாகவே வந்தது.
காங்கயத்து மாமன் ஆறு.
குன்னத்தூர் நாத்தனார் ஒரு டஜன்.
பக்கத்து லைன் ஒடியாப் பையன்கள் சேர்ந்து மூன்று,
அதில் ஒன்று நசுங்கல்.
விரல் போன ஆளுக்கு
உரிக்கிற பழமாகப் பார்த்து
ஏன் வாங்குகிறீர்கள் என்று
கேட்க வந்தது வாய்வரைக்கும்.
கேட்காமல்
அரிசி மூட்டைமேல் அடுக்கினேன்.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்
கட்டிங் மிஷினோடு போயின.
இரும்புக் கையுறை ஒன்று உண்டு கம்பெனியில்.
ஆடிட் வருகிற அன்றைக்கு
ஆணியிலிருந்து இறங்கும்.
மற்ற நாளில் அதை மாட்டினால்
சாயங்காலத்துக்குள் லே முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு
மேனேஜர் திருமூர்த்தி வந்தார்.
கம்பெனி பேர் போட்ட துணிப்பையில்
ரெண்டு கிலோ.
பழத்துக்கு அடியில் ஒரு காயிதம்.
"சும்மா ஒரு கையெழுத்துங்க.
கை வராட்டி, இடது பெருவிரலே போதும்."

'எனது கவனக்குறைவால்' என்று தொடங்கி
கடைசி வரிவரை
வெகு கவனமாக டைப் அடித்திருந்தார்கள்.

"இருங்க, ஜூஸ் போடறேன்" என்று எழுந்தேன்.

சாத்துக்குடிக்கு ஒரு குணம்:
பிழிந்த கையோடு குடித்துவிட வேணும்.
வைத்தால் கசக்கும்.
கொட்டை நசுங்கினால் இன்னும் சீக்கிரம்.
அப்புறம் சர்க்கரைக்கும் அடங்காது, ஐஸுக்கும் அடங்காது.
அவர் பையிலேயே ரெண்டு எடுத்துக்
கொட்டையோடு நசுக்கினேன்.
டம்ளரை அவர் முன்னால் வைத்துச்
"சொல்லுங்க" என்றேன்.

சொன்னார்.
மொதலாளிக்கு ராத்திரியெல்லாம் வெசனம்.
ஈ.எஸ்.ஐ.க்குப் போனால் வருசக்கணக்காக அலையணும்.
வெளிநாட்டுக்காரன் கேள்வி கேட்டால்
ஆர்டர் போய்விடும்,
ஆர்டர் போனால் முந்நூறு பேர் சோறு போய்விடும்,
நாமெல்லாம் ஒரு குடும்பமுங்க.
"ஆமாங்க" போட்டுக்கொண்டே
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன்.
இருபத்திரண்டு நிமிடம்.

ஒரு வாய் குடித்தார்.
அந்த முகம் போன போக்கை
எங்கள் கனிஷ்கா கதவிடுக்கில் பார்த்துவிட்டு
பொழுது சாய்கிறவரை
செய்து காட்டிக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை போடலீங்களா?"
"போட்டனுங்க. நேரமாயிருச்சுல்லீங்க."

காயிதம் இருக்கட்டும்,
சங்கத்தில் காட்டிவிட்டுச் சொல்கிறோம் என்றேன்.
சங்கத்தில் எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது.
இனிமேல்தான் தெரிந்துகொள்ள வேணும்.

மத்தியானம்
பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தோம்.
மேலும் கீழும் சீவி, நாலு கீறல்,
நகம் விட்டு இழுத்தால்
பாதி தோல் வரும், பாதி பிய்யும்.
வெள்ளையை எடுப்பதுதான் வேலை.
செக்கிங் டேபிளில் எட்டு வருசம்
பனியன் பிசிறு வெட்டியவளுக்கு
அது பெரிசில்லை.
சுளையின் முதுகைக் கீறி
சவ்வை மடக்கினால்
முத்து முத்தாக நிற்கும்.
அதன்மேல் உப்பும் துளி மிளகும்.
ஆளுக்கு ரெண்டு பழம் போனது தெரியவில்லை.
கொட்டைகளைக் கழுவி
பத்துப் பத்தாக வைத்தாள் கனிஷ்கா,
எதற்கென்று அவளுக்கே தெரியாது.

"எனக்கொண்ணு குடு."
உரித்ததை நீட்டினேன்.
"உரிக்காதது."

முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு
இடது கையால்,
அப்புறம் பல்லால்.
தோலைத் துப்பினார்.
கட்டுத் துணியில் சாறு தெறித்தது.
"உடுங்க, நான்..."
"உடு."

கால் மணி நேரம்.
ஒரு சுளை வந்தது,
பாதி நசுங்கி,
வெள்ளையெல்லாம் அப்படியே ஒட்டிக்கொண்டு.
அதை எனக்குத்தான் நீட்டினார்.
மென்றேன்.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசக்குதா?"

"கொட்டையக் கடிச்சுட்டேன்."

கனிஷ்கா கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள்,
அதைக் கொடு,
தொண்ணூற்றொன்பதுதான் இருக்கிறது என்று.

முழுங்கிட்டேன் கண்ணு, என்றேன்.